இரண்டு பேஸ் கிட்டாரும் உன் தலையணையும்

என் ஆசை மச்சான் குணாவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பிக்கத்தான் கை போனது. உன் நலத்தை இனிமேல் யாரிடம் கேட்பது? என் நலத்தை மட்டும் சொல்கிறேன். சுமார்தான்.

கடலூரில் மழை விட்டுவிட்டது. ஓல்டு டவுன் வீட்டில் நீ வந்தால் படுக்கிற முன்ரூம் கட்டிலில் இப்போது இரண்டு பெரிய பெட்டிகள் படுத்திருக்கின்றன. இரண்டிலும் பேஸ் கிட்டார். நீயும் நானும் இத்தனை வருஷத்தில் தொட்டுக்கூடப் பார்க்காத தரம். ஒன்றை நான் எடுத்துக்கொள்ள வேண்டும், மற்றதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். மாற்றி மாற்றி வாசித்துப் பார்த்தும் எது என்று முடிவு பண்ண முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

"பொண்ணு பாக்க வந்தப்பகூட நீங்க இவ்ளோ யோசிக்கல" என்றாள் தேவி. அவள் சொல்வது உண்மைதான். பெண் பார்க்கப் போனபோது நீ கூட வந்திருந்தாய்.

உன்னைத் தெரியாதவர்களும் இதைப் படிக்கப் போகிறார்கள். அதனால் உனக்குத் தெரிந்த கதையையே உனக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள். நீ டிரம்ஸ், நான் பேஸ். சேகர் அண்ணனின் மெல்லிசைக் குழுவில் ஒரே நாளில் சேர்ந்தோம். கல்யாண ரிசப்ஷன், காதுகுத்து, கோயில் திருவிழா என்று யார் கூப்பிட்டாலும் வேனில் ஏறிப் போனோம். அப்புறம் நீ என் தங்கச்சி சுமதியைக் கட்டிக்கொண்டு சிதம்பரத்தில் குடியேறினாய்.

அதுவரை சிநேகிதத்தில் மச்சான், மச்சான் என்று கூப்பிட்டவனைத் திடீரென்று மாப்பிள்ளை என்று மரியாதையாகக் கூப்பிடச் சொன்னார்கள் வீட்டில். பெரியவர்கள் இருந்தால் "வாங்க மாப்ள" என்பேன். அவர்கள் தலை மறைந்ததும் நீ என் நெற்றியில் கை வைத்துப் பார்ப்பாய். "என்னா மச்சான், மரியாத ஜாஸ்தியா இருக்கு, காய்ச்சலா?"

பாட்டுக் கேட்க வருகிறவர்களுக்கு நாம் இரண்டு பேரும் கண்ணிலேயே படுவதில்லை. பெண்ணாடத்தில் ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் தாய்மாமன் மேடைக்கே ஏறி வந்தார். பேஸுக்கு நாலே கம்பிதான் என்று தெரியாமல் என் கிட்டாரை உற்றுப் பார்த்து எண்ணிவிட்டு, "தம்பி, ரெண்டு கம்பி அறுந்து போயிருக்கு பாரு" என்று அக்கறையாகச் சொல்லிவிட்டு இறங்கினார். அன்றைக்கு நீ சிரித்த சிரிப்பில் ஒரு பாட்டின் தாளமே தள்ளாடிப் போனது.

ஆனால் நமக்குத் தெரியும் இல்லையா? உன் வலது கால் பெடலை மிதிக்கும். அந்தப் பெரிய கிக் டிரம்மில் 'தும்' என்று விழுகிற அதே இடத்தில் என் விரல் கம்பியில் விழ வேண்டும். சரியாக விழுந்தால் எது நீ, எது நான் என்று பிரித்துச் சொல்ல முடியாது. பாட்டுக்குக் கீழே தரை போட்ட மாதிரி இருக்கும். மற்றவர்கள் எல்லாம் அதன் மேல் நின்று பாடுவார்கள், ஆடுவார்கள். நம் வேலை அவ்வளவுதான். அதை நாம் நன்றாகச் செய்தோம்.

அந்தக் கிக் டிரம்முக்குள் நீ ஒரு தலையணை வைத்திருப்பாய். முன்பக்கத் தோலைக் கழற்றிவிட்டு, தலையணையை உள்ளே, நீ மிதிக்கிற தோலோடு ஒட்டி அணைத்து வைப்பாய். அது இல்லாவிட்டால் டிரம் காலி அண்டாவைத் தட்டின மாதிரி ஊளையிடும். சுமதி சீரோடு கொண்டுவந்த ஜோடித் தலையணையில் ஒன்று அது. இரண்டும் இலவம் பஞ்சு. ஒன்று உன் தலைக்கு, இன்னொன்று டிரம்முக்குப் போய்விட்டது.

"எனக்குன்னு எங்கம்மா தச்சுக் குடுத்த தலகாணிய டிரம்முக்குக் குடுத்துட்டு, என்ன கைய மடிச்சு வெச்சிக்கினு படுன்றாரு" என்று அவள் வருகிறவர்கள் போகிறவர்களிடம் எல்லாம் உன்னைப் பற்றிப் புகார் சொல்வாள். புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளாமல் கடைசிவரை புகாரையே வைத்துக்கொண்டாள். அந்தப் புகார் அவளுக்குப் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன்.

என் முதல் நல்ல கிட்டாரை வாங்க நாம் சென்னைக்குப் போனது ஞாபகம் இருக்கிறதா? கடைக்காரர் இரண்டை எடுத்துக் கொடுத்தார். இரண்டையும் வாசித்துவிட்டு நான் முழித்துக்கொண்டு நின்றேன். நீ கடையில் பார்வைக்கு வைத்திருந்த டிரம்ஸில் யாரையும் கேட்காமல் போய் உட்கார்ந்தாய். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாய், நான் எதை எடுக்கிறேன் என்று பார்க்கக் கூடாதாம். குச்சியே எடுக்கவில்லை. வெறும் காலால் கிக்கை மட்டும் மிதித்தாய். நான் மாற்றி மாற்றி வாசித்தேன்.

"மொதல்ல வாசிச்சது நல்லாப் பாடுது மச்சான். ரெண்டாவது சேருது" என்றாய். "பாடுறதுக்குதான் பாட்டுக்காரங்க இருக்காங்களே. உனக்குச் சேர்றதுதான் வேணும்."

இரண்டாவதை வாங்கினோம். பஸ்ஸில் திரும்பி வரும்போது என்னைவிட உனக்குத்தான் சந்தோஷம் அதிகமாக இருந்தது.

அந்தக் கிட்டார் போன வருஷ மழையில் போயிற்று. வீட்டுக்குள் தண்ணீர் ஏறியபோது தேவியையும் கேஸ் சிலிண்டரையும் மாடிக்கு ஏற்றினேனே தவிர, கட்டிலுக்கு அடியில் இருந்ததை மறந்துவிட்டேன். தண்ணீர் வடிந்த பிறகு நீ சிதம்பரத்திலிருந்து வந்தாய். கிட்டாரைத் துப்பாக்கி மாதிரி தூக்கி ஒற்றைக் கண்ணால் அதன் கழுத்துக் கட்டையைப் பார்த்தாய். முறுக்கிக்கொண்டிருந்தது.

"முடிஞ்சிச்சு. இது இனிமே துணி காயப்போடத்தான் ஆவும்" என்றாய். "விடு. இந்த வாட்டி அசத்தலா ஒண்ணு வாங்கு. வாங்கறதுக்கு முன்ன என்னக் கூப்புடு, வந்து மிதிச்சுப் பாக்கறேன்."

வந்து மிதித்துப் பார்க்கிறேன் என்று சொன்னவன் மார்கழியில் போய்விட்டாய். காலையில் நெஞ்சு கரிக்கிறது என்றாயாம். கேஸ் என்று நீயே முடிவு பண்ணி, முக்குக் கடையில் சோடா குடித்துவிட்டு வந்தாயாம். கட்டிலில் சாய்ந்து, தலகாணியைக் கொஞ்சம் ஏற்றி வை என்று சுமதியிடம் சொன்னாயாம். அவள் ஏற்றி வைத்துவிட்டு நிமிர்ந்தபோது நீ இல்லை. ஒரு ஜோடிக் குச்சி வாங்குவதற்குக்கூட எனக்கு போன் போடுகிற ஆள், அந்தச் சோடாவைக் குடிப்பதற்கு முன்னால் எனக்கு ஒரு போன் போட்டிருக்கக் கூடாதா?

காரியங்களை எல்லாம் மங்கலம்பேட்டை பெரியப்பா, அதுதான் உன் அப்பாவின் அண்ணன், முன்னால் நின்று நடத்தினார். கருமாதி அன்றைக்கு நீ படுத்த பாய், தலையணை, கட்டின லுங்கி எல்லாவற்றையும் கொள்ளிடத்தில் விட்டுவிட்டு வரச் சொன்னார். "தலகாணி வூட்ல கெடந்தா அவன் போவ மாட்டான்டா. இங்கியே சுத்திக்கினு இருப்பான்" என்றார். சுமதி உள்ளே போய்த் தலையணையை எடுத்து வந்து என் கையில் கொடுத்தாள். அவள் அழவில்லை. அன்றைக்கு அது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

நான்தான் ஆற்றில் இறங்கினேன். விடுவதற்கு முன்னால் தலையணையைத் தடவிப் பார்த்தேன். நடுவில் பஞ்சு நன்றாக அமுங்கி ஒரு பள்ளம் இருந்தது. உன் தலை பட்ட இடம் என்று நினைத்தேன். இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு, அந்தப் பள்ளத்தில் முகத்தை வைத்து அழுதேன் மச்சான். அப்புறம் விட்டேன். கொஞ்ச தூரம் மிதந்து போய், ஊறி, அமிழ்ந்துவிட்டது.

அதற்குப் பிறகு நான் கச்சேரிக்கே போகவில்லை. ஐஸ் கம்பெனிக்குப் போவேன், ஹார்பருக்குப் போகிற ஐஸ் கட்டிகளை எண்ணிக் கணக்கு எழுதுவேன், வீட்டுக்கு வந்து படுத்துவிடுவேன். யாராவது கேட்டால் கிட்டார் இல்லை என்பேன். நல்ல சாக்கு அது, யாரும் மறுத்துப் பேச முடியாது.

சேகர் அண்ணன் ஒரு நாள் வீட்டுக்கே வந்துவிட்டார். தேவி கொடுத்த காபியைத் தொடவில்லை. "குணா எடத்துக்கு ஆள் போட்டுட்டேன்டா. வேற வழி தெரில, மன்னிச்சுக்க" என்றார். "ஓன் எடத்துக்கு யாரையும் போடல. கீபோர்டுல எடது கையாலயே பேஸ ஒப்பேத்திக்கினு கெடக்கறேன். மாசி மகத்துக்கு மங்கலம்பேட்டையில கச்சேரி ஒத்துக்கினு இருக்கேன். வர்றியா, இல்லியா? இல்லன்னா சொல்லிடு, நான் வேற ஆள் பாத்துக்கறேன்."

"கிட்டார் இல்லியேண்ணா" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அடுத்த வாரமே பாண்டிச்சேரியிலிருந்து ஒருவரைப் பேச வைத்துவிட்டார். அந்தக் காலத்தில் ஓட்டல்களில் வாசித்த ஆள். பிரான்சில் இருக்கிற மகளோடு போய்ச் சேரப் போகிறார். கையில் இரண்டு பேஸ் இருக்கிறது, ஒன்றைத்தான் விமானத்தில் கொண்டுபோகப் போகிறார். "எனக்கு ரெண்டும் ரெண்டு கண்ணு. எத வுடறதுன்னு தெரியல. நீங்களே எது வேணுமோ எடுத்துக்குங்க, மிச்சம் என்னுது" என்றார். ஞாயிற்றுக்கிழமை வந்து மற்றதை வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லி, இரண்டையும் என் வீட்டிலேயே இறக்கிவிட்டுப் போனார். இப்படி ஒரு மனுஷன்.

ஒன்று ஐந்து கம்பி. ஜெர்மனியில் செய்தது. வாதுமை மர நிறம், உள்ளே பேட்டரி, தொட்டால் போதும், பாடும். இன்னொன்று நாலு கம்பி, ஜப்பானில் செய்தது, கறுப்பு, முதுகெலும்பைச் சோதிக்கிற கனம். அதைத் தனியாக வாசித்தால் வாயே திறக்காது. மூலையில் உட்கார்ந்து தனக்குள் முனகிக்கொள்ளும். இரண்டிலும் குறை சொல்ல ஒன்றும் இல்லை. விலையும் இரண்டுக்கும் ஒன்றுதான். இனி என்னிடம் சாக்கு எதுவும் மிச்சம் இல்லை.

ஒரு நாள் சாயங்காலம் ஐந்து கம்பியை எடுத்து வைத்து ஜன்னலைத் திறந்துபோட்டு வாசித்தேன். மீன் வாங்கிக்கொண்டு போன பக்கத்து வீட்டு அம்மா நின்று, "நல்லாருக்குதே தம்பி, என்னா பாட்டு?" என்று கேட்டார்கள். இத்தனை வருஷத்தில் பேஸைக் கேட்டுவிட்டு ஒருவர் நின்றது அதுதான் முதல் தடவை. சந்தோஷமாக இருந்தது. உடனே பயமாகவும் இருந்தது.

ஏன் பயம் என்று கேட்கிறாயா? இதை எடுத்துக்கொண்டால் எனக்கு யாருமே தேவைப்பட மாட்டார்கள். இந்த ஜன்னலோரம் உட்கார்ந்து சாகிறவரைக்கும் தனியாக வாசித்துக்கொண்டே இருக்கலாம். மேடை வேண்டாம், வேன் வேண்டாம், உன் இடத்தில் உட்கார்ந்திருக்கிற ஆளின் முகத்தைப் பார்க்க வேண்டாம். அந்த நினைப்பு அவ்வளவு சுகமாக இருந்தது மச்சான். அதனால்தான் பயந்தேன்.

அந்த ஆளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், யாராவது முந்திக்கொண்டு உன்னிடம் சொல்லுவதற்குள். பெண்ணாடத்துக்காரர். சர்க்கரை ஆலையில் வேலை, நல்ல மனுஷன். டிரம்ஸ் என்று ஒன்று அவரிடம் கிடையாது. மேசை மேல் ஒரு பெட்டி, அதைத் தட்டினால் எல்லாச் சத்தமும் வருகிறது. காதில் டிக் டிக் என்று ஒன்றை மாட்டிக்கொண்டு வாசிக்கிறார். தப்பே பண்ணுவதில்லையாம். சரணம் முடிந்து பல்லவிக்குத் திரும்புகிற இடத்தில் நீ எப்போதும் தாளத்தை முந்திக்கொண்டு கொஞ்சம் ஓடுவாயே, சேகர் அண்ணன் மைக்கில் கேட்கிற மாதிரியே உன்னைத் திட்டுவாரே, இவர் ஓடுவதே இல்லையாம்.

போனில் அதே மாதிரி ஒரு டிக் டிக்கை வைத்துக்கொண்டு இரண்டு கிட்டாரையும் வாசித்துப் பார்த்தேன். ஒன்றும் புரியவில்லை. ஞாயிறு நெருங்கிவிட்டது. முடிவு பண்ணாமல் விட்டால் இரண்டுமே பாண்டிச்சேரிக்குப் போய்விடும், நான் கணக்கு எழுதிக்கொண்டே காலத்தை ஓட்டிவிடுவேன். எனக்கு இன்னொரு கிட்டார் வாங்குகிற மனசு திரும்ப வராது என்று நன்றாகத் தெரிந்தது.

சனிக்கிழமை கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு, இரண்டு பெட்டியையும் தூக்கிக்கொண்டு சிதம்பரம் பஸ் ஏறினேன். கண்டக்டர் இடத்தை அடைத்துக்கொண்டு நின்ற பெட்டிகளைப் பார்த்து, "என்னா சார், ரெண்டு பொணத்த எடுத்துக்கினு போறீங்களா?" என்றார். தமாஷாகத்தான் சொன்னார். நான் புதுச்சத்திரம் தாண்டுகிறவரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன். வெள்ளாற்றுப் பாலம் வந்ததும் வழக்கம்போல உனக்கு போன் போடக் கை போனது. பஸ் ஸ்டாண்டுக்கு வண்டி எடுத்துக்கொண்டு வந்துவிடு என்று அந்தப் பாலத்தில் வைத்துத்தானே எப்போதும் சொல்வேன்? ஆட்டோவில் போனேன்.

சுமதி தையல் மிஷினில் இருந்தாள். மேல வீதிப் பெண்கள் ஜாக்கெட்டுக்கு அவளைத்தான் தேடி வருகிறார்கள். உன் மகள் கனி காலேஜ் போயிருந்தாள். இப்போது ஸ்கூட்டியை உன்னை மாதிரியே ஒரு கையால் ஓட்டுகிறாள், திட்டினால் கேட்பதில்லை. கூடத்து மூலையில் உன் டிரம்ஸ் அப்படியே இருக்கிறது. மேலே சுமதியின் பழைய காட்டன் புடவை போர்த்தியிருக்கிறது.

எதற்கு வந்தேன் என்று சொன்னேன். சொல்ல ஆரம்பித்தபோது எனக்கே பைத்தியக்காரத்தனமாகத் தோன்றியது. அவள் கையிலிருந்த துணியை ஓரம் வரை தைத்து முடித்து, நூலைப் பல்லால் கடித்துவிட்டு எழுந்தாள்.

"நான் மிதிக்கறேன்ண்ணா" என்றாள். "அவரு டிரம்ம இறுக்கும்போதெல்லாம் நான்தான மிதிப்பேன். தெரியும்."

டிரம்ஸ் மேல் போர்த்தியிருந்த புடவையை மேல்பக்கம் மட்டும் விலக்கிவிட்டு உன் ஸ்டூலில் உட்கார்ந்தாள். நான் நம் பழைய ஆம்ப்ளிஃபயரில் கிட்டாரை மாட்டினேன். எந்தப் பாட்டு என்று அவள் கேட்கவில்லை. நாம் ஒத்திகைக்கு எப்போதும் முதலில் எடுக்கிற அந்த மெதுவான பாட்டை முனகிக்கொண்டே மிதித்தாள். டிரம் 'பூம்' என்று ஊளையிட்டது. கனியின் மேசை மேல் இருந்த பேனா உருண்டு விழுந்தது. உன் சத்தம் இல்லை அது.

குனிந்து, டிரம்முக்கு முன்னால் தொங்கிய போர்வைப் புடவையை விலக்கிப் பார்த்தேன். டிரம் காலியாக இருந்தது.

"தலகாணி எங்கம்மா?" என்றேன்.

அவள் பெடலில் வைத்த காலை எடுக்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு ஓன் கையில குடுத்தனேண்ணா, அதுதான்" என்றாள். "அவரு தலகாணிய என்னால குடுக்க முடில. கடைசியா நான்தான ஏத்தி வெச்சேன். அதான் டிரம்முல இருந்தத எடுத்து, அவரோட ஒறைய மாட்டிக் குடுத்துட்டேன். ரெண்டும் ஒரே ஜோடிதான, யாருக்குத் தெரியப் போவுது?"

கொள்ளிடத்தில் நான் முகம் புதைத்து அழுத பள்ளம் உன் தலை பட்ட பள்ளம் இல்லை. இருபது வருஷமாக உன் கால் மிதித்து மிதித்து விழுந்த பள்ளம். உன் மிதியைத்தான் நான் என் கையாலேயே ஆற்றில் விட்டிருக்கிறேன். அவள் தனக்கு வரவேண்டிய தலையணையை முதலில் உன் டிரம்முக்குக் கொடுத்தாள், அப்புறம் உனக்குப் பதிலாக ஆற்றுக்குக் கொடுத்தாள்.

"தப்பாண்ணா?" என்று கேட்டாள். "தலகாணி இருந்தா போவ மாட்டாருன்னு பெரியப்பா சொன்னாரு. அதனாலதான் வெச்சிக்கினேன்."

இதற்கு நீ இருந்தால் என்ன பதில் சொல்லியிருப்பாய்? நான் தப்பு இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன். அவள் எழுந்து உள்ளே போனாள். வரும்போது நெஞ்சோடு அணைத்தபடி உன் தலையணையைக் கொண்டுவந்தாள்.

"வேணாம்மா" என்றேன். "இன்னொரு நாள் பாத்துக்கலாம்."

"கொஞ்ச நேரந்தானண்ணா" என்றாள்.

அவளே மண்டிபோட்டு டிரம்முக்குள் வைத்தாள். நீ வைக்கிற மாதிரியே தோலோடு ஒட்டி, ஓரத்தைக் கையால் தட்டிச் சரிபண்ணினாள். மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்து மிதித்தாள்.

'தும்' என்றது. கூடத்தில் நீ இருந்தாய் மச்சான். ஒரு நொடி நிமிர்ந்து பார்க்கவே தைரியம் வரவில்லை.

முதலில் ஐந்து கம்பியை எடுத்தேன். நன்றாகத்தான் இருந்தது. வாசிக்க வாசிக்கக் கூடம் முழுக்க நிறைந்தது. பாதியிலேயே சுமதி காலை எடுத்துவிட்டாள்.

"இது வேணாண்ணா."

"ஏம்மா, நல்லாதான இருக்குது?"

"நல்லாதான் இருக்குது. இதுல அவரு கேக்கல."

பிறகு அந்தக் கறுப்பு நாலு கம்பியை எடுத்தேன். தனியாக வாய் திறக்காத அது, அவள் மிதித்த ஒவ்வொரு இடத்திலும் போய் அமைதியாக உட்கார்ந்தது. கிட்டார் தெரியவில்லை, கிக்தான் கேட்டது. சரணம் முடிந்தது. பல்லவிக்குத் திரும்புகிற இடத்தில் அவள் கால் ஓடியது. நீ ஓடுகிற அதே இடத்தில், அதே அளவு. என் விரலும் என்னைக் கேட்காமலே கூட ஓடியது. உன்னோடு ஓடி ஓடிப் பழகின விரல்தானே?

சுமதி நிறுத்திவிட்டாள். "நடுவுல தப்பு பண்ணிட்டனாண்ணா? வேகமாப் போயிட்டன் போல."

"இல்லம்மா" என்றேன். "அங்க அப்டித்தான்."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நான் கம்பியைத் துடைக்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

டீ போட்டுக் கொடுத்தாள். நான் கிளம்புவதற்கு முன்னால் டிரம்முக்குள் இருந்து தலையணையை எடுத்தாள். இரண்டு தட்டு தட்டி, உறையை இழுத்துவிட்டு, "ராத்திரிக்கு வேணும்" என்று உள்ளே கொண்டுபோனாள். அதில் அவள் தலை வைப்பதில்லையாம். பக்கத்தில் உன் இடத்தில் கிடக்குமாம். இவள் இன்னும் கையை மடித்து வைத்துக்கொண்டுதான் படுக்கிறாள்.

வாசல்வரைக்கும் வந்தாள். "பெரியப்பாகிட்ட சொல்லிடாதண்ணா" என்றாள். சின்ன வயதில் கொய்யாக்காய் திருடிவிட்டு அப்பாவிடம் சொல்லாதே என்று கேட்ட அதே குரல்.

இன்றைக்கு ஞாயிறு. பாண்டிச்சேரிக்காரர் வந்தார். ஐந்து கம்பியைத் திருப்பிக் கொடுத்தேன். "பாடற கிட்டார வுட்டுட்டு இத எடுத்துக்கினீங்களே" என்றார். எனக்கு இதுதான் சேரும் என்றேன். யாரோடு சேரும் என்று அவர் கேட்கவில்லை. அவர் போன பிறகு சேகர் அண்ணனுக்கு போன் போட்டு, மாசி மகத்துக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அவர் "சரி" என்று வைத்துவிட்டார்.

சந்தோஷமாகப் போகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. மேடையில் என் இடது பக்கம் திரும்பினால் ஒரு மேசையும் ஒரு பெட்டியும்தான் இருக்கும். சரணம் முடிந்து பல்லவிக்குத் திரும்பும்போது அவர் ஓட மாட்டார், நான் ஓடிவிடுவேன். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். செல்வத்துக்குக் கை விட்டுப்போச்சு என்பார்கள். அந்த ஓட்டத்தை நான் அடக்கப் பழக வேண்டுமா? அடக்கிவிட்டால் அப்புறம் நீ எங்கே இருப்பாய்? தெரியவில்லை மச்சான். நிஜமாகவே தெரியவில்லை.

ஒன்றை மட்டும் சத்தியம் பண்ணித் தருகிறேன். அடுத்த சனிக்கிழமை திருப்பாப்புலியூர் கடையில் இலவம் பஞ்சுத் தலையணை வாங்கிக்கொண்டு சிதம்பரம் போகிறேன். ஜோடியாகத்தான் வாங்கப் போகிறேன். ஒன்று உன் டிரம்முக்கு, அதில் சுமதி மிதித்து மிதித்துப் பள்ளம் விழட்டும். இன்னொன்று இத்தனை வருஷமாகத் தலையணை இல்லாமல் படுக்கிறவளுக்கு.

உன்னுடையது கட்டிலிலேயே இருக்கும். இனி யார் கேட்டாலும் அதை ஆற்றுக்கு எடுத்துப் போக விடமாட்டேன். பெரியப்பா எதையும் படிக்கிற ஆள் இல்லை என்கிற தைரியத்தில்தான் இவ்வளவும் எழுதியிருக்கிறேன். அவர் காதுக்கு என் வாயால் போகாது. நீ போகாவிட்டாலும் பரவாயில்லை மச்சான், அங்கேயே இரு.

இப்படிக்கு,
பெரியவர்கள் யாரும் பக்கத்தில் இல்லாததால்
மாப்பிள்ளை என்று எழுதாத
உன் மச்சான்
செல்வம்